தண்ணீர் பட்ட டூல் ஹோல்டர்

குத்தாலத்தில் என் லேத் பட்டறைக்கு அந்த அக்கா உடைந்த ஷாப்ட்டைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தபோது வானம் கறுத்திருந்தது. அவர் வயலில் அறுவடை மெஷின் தொடங்கிய இடத்திலேயே நின்றுவிட்டதாம். அதே அளவில் புது ஷாப்ட் கடைந்து கொடுக்க வேண்டும். மழைக்கு முன்னால் மெஷின் ஓடினால்தான் நெல் வீடு வரும்.

ஆனால் லேத்தில் வெட்டும் பிட்டைப் பிடித்துக்கொள்ளும் டூல் ஹோல்டர் அன்று காலையில்தான் முறிந்திருந்தது. கும்பகோணம் போய் வாங்கிவந்தால் பொழுது போய்விடும். நானே செய்ய இறங்கினேன். பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஒரு சதுரக் கம்பி, அதன் முனையில் ஒட்டவைக்க ஒரு இரும்புக் கட்டை, அதில் பிட் நுழைய ஓட்டை, மேலே இறுக்க ஒரு போல்ட். கட்டைக்குப் பழைய டிராக்டர் ஆக்சில் துண்டு கிடைத்தது. உரமான இரும்புதான், ஆனால் ரோஷக்கார இரும்பு. வெல்டிங் சூட்டோடு தண்ணீர் பட்டால் விரிசல் விட்டுவிடும். சாம்பலில் புதைத்துத் தானாக ஆறவிட வேண்டும்.

அக்காவுக்கு உட்காரவே முடியவில்லை. வாசலுக்குப் போய் மேகத்தைப் பார்ப்பார், திரும்பி வந்து ஆயிற்றா என்பார். வெல்டிங்கை முடித்துவிட்டுச் சாம்பல் சட்டியை எடுக்கத் திரும்பினேன். பின்னால் புஸ்ஸென்று சத்தம். சீக்கிரம் ஆறட்டும் என்று வாளித் தண்ணீரை அக்கா கட்டைமேல் ஊற்றியிருந்தார். முறைத் தண்ணீருக்காக வாய்க்காலில் காத்துக் கிடக்கும் ஊரில், தண்ணீர் கெடுதல் செய்யும் என்று யாருக்குத் தோன்றும்?

"யாரைக் கேட்டு ஊத்துனீங்க?" என்று கத்திவிட்டேன். சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினேன், கட்டை விண்டு விழுந்தது. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

அதே ஆக்சிலில் இன்னொரு துண்டு வெட்டி, ஓட்டை போட்டு, ஒட்டி, சாம்பலில் புதைத்தேன். அது ஆறுகிற வரை இருவருக்கும் பயப்படுவதைத் தவிர வேறு வேலை இல்லை. புது ஷாப்ட் கடைந்து முடிக்கும்வரை இந்த ஹோல்டர் அசையாமல் நின்றது. ஷாப்ட்டைக் கையில் வாங்கியதும் அக்கா மினி பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். சாயங்காலம் தகரக் கூரையில் மழை விழுந்தபோது எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

மறுநாள் அவரே வந்தார். பாதி அறுத்தாகிவிட்டதாம். மீதி சாய்ந்து தண்ணீரில் கிடக்கிறதாம்.

"நான் அந்தத் தண்ணிய ஊத்தாம இருந்திருந்தா முழுசும் அறுத்திருக்கலாம்ல தம்பி?"

அறுத்திருக்கலாம்.

"இல்லக்கா. அந்த ஆக்சிலே சொத்தை. எப்படியும் உடைஞ்சிருக்கும்" என்றேன்.

அதே ஆக்சிலில் செய்த ஹோல்டர் லேத்தில் மாட்டியபடியே இருந்தது. அக்கா அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "சரி தம்பி" என்றார்.