இரண்டு இழுப்பு

நீர்த்தேக்கத்தில் வேலை பார்க்கும் எல்லாருக்கும் அவள் கயிற்றக்கா. அவளைவிட வயதில் மூத்த மதகுக்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். மதகுக்கு முன்னால், தண்ணீருக்கு அடியில், ஒரு கம்பித் தடுப்பு உண்டு. மரக்கிளையும் குப்பையும் வந்து அதை அடைத்துக்கொள்ளும். கீழே இறங்கி அவற்றை அகற்றுவது அவள் கணவரின் வேலை. அவர் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையைக் கரையில் நின்று பிடித்திருப்பது அவள் வேலை.

கயிற்றின் பாஷை சின்னது. ஓர் இழுப்பு என்றால் நலம். இரண்டு என்றால் கயிறு விடு. மூன்று என்றால் தூக்கு. கரையில் நிற்பவளுக்கு எதுவும் தெரியாது; தண்ணீருக்குள் இருப்பவருக்குத்தான் தெரியும். ஆகவே அவர் கேட்பதைச் செய்ய வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது.

"வீட்ல நான் சொல்ற ஒண்ணையும் கேக்கறதில்ல. தண்ணிக்குள்ள போனாத்தான் எனக்கு மரியாதை" என்பார் கணவர்.

"அங்க போனாத்தானே உங்க வாய் மூடியிருக்கு" என்பாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் எல்லாரும் சேர்ந்து ஜெபம் சொல்லும்போது அவளும் சொல்வாள். கடவுளின் சித்தம் நடக்கட்டும் என்று வரும் இடத்தில் மட்டும் அவள் உதடுகள் ஒட்டிக்கொள்ளும். அடுத்த வரியில் மறுபடி சேர்ந்துகொள்வாள். கணவரைத் தவிர வேறு யாரும் இதைக் கவனித்ததில்லை.

காரணம் பழையது. சிறுமியாக இருந்தபோது அவள் தம்பி காய்ச்சலில் கிடந்தான். அவனைக் கொடு, கொடு என்று கெஞ்சிக்கொண்டே இருந்த அம்மா, ஒரு சாயங்காலம் ஓய்ந்துபோய் முழங்காலில் விழுந்து, "உம்ம சித்தப்படியே ஆகட்டும் ஆண்டவரே" என்றாள். அதுவரை இரைத்துக்கொண்டிருந்த தம்பியின் மூச்சு அமைதியானது. அறையின் மூலையைப் பார்த்தான். பிறகு, யாரோ வந்து பக்கத்தில் உட்கார இடம் விடுவதுபோல், கட்டிலில் ஓரமாக நகர்ந்து படுத்தான். அப்புறம் அவன் அசையவில்லை.

"சொன்னா எடுத்துக்குவாருங்க" என்று ஒருமுறை கணவரிடம் சொன்னாள்.

"சொல்லாட்டி விட்டுடுவாராக்கும்? நீ வாய மூடிக்கிட்டா அவருக்கு வழி தெரியாமப் போயிடுமா?" என்று அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

மழை ஓய்ந்த மறுநாள் காலை தடுப்பில் ஒரு மரமே வந்து சிக்கியிருந்தது. அவர் இறங்குவதற்காக மதகை மூடிவிட்டார்கள். நீர்ப்பரப்பின் மேல் பனி மூட்டம். எதிர்க்கரை இல்லை, வானம் இல்லை. கீழே இறங்குபவருக்குக் குழாய் வழியே காற்று அனுப்பும் கம்ப்ரசரின் சத்தம்கூடப் பஞ்சுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது.

"இன்னைக்கு வேணாமே. நீட்டின கை தெரியல" என்றார் மதகுக்காரர்.

"கீழ என்னைக்குண்ணே தெரிஞ்சிருக்கு? உங்களுக்கு இன்னைக்குத்தான் தெரியல" என்று சொல்லிவிட்டுக் கணவர் இறங்கினார். தண்ணீர் அவர் தலைக்கு மேல் மூடிக்கொண்டது, அலைகூட எழவில்லை.

முதலில் எல்லாம் வழக்கம்போல்தான் நடந்தது. ஓர் இழுப்பு, நலம். இரண்டு இழுப்பு, கயிறு விட்டாள். தடுப்பின் அடிவரைக்கும் இவ்வளவு போதும் என்று கட்டிவைத்த சிவப்புத் துணி அவள் விரல்களைத் தாண்டி நீருக்குள் போனது. அதற்குமேல் கயிறு தேவைப்பட்டதே இல்லை. அவள் ஒருமுறை இழுத்துக் கேட்டாள். பதில் இல்லை. மறுபடி கேட்டாள். கயிறு மெல்ல இறுகி, விறைத்து நின்றது.

"அண்ணே!"

மதகுக்காரர் ஓடி வந்தார். இருவரும் சேர்ந்து இழுத்தார்கள். கயிறு பாறையில் கட்டியதுபோல் அசையவில்லை. நார்கள் முனகின.

அப்போது கீழேயிருந்து வந்தது. ஒன்று. இரண்டு.

அது அவர் இல்லை என்று அவளுக்கு உடனே தெரிந்தது. அவர் இழுப்பு அவசரக்காரன் கதவைத் தட்டுவதுபோல் வெடுக்கென்று இருக்கும். இது நிதானமாக, தூங்கும் குழந்தையை எழுப்புவதுபோல் இருந்தது. இரண்டு பேர் பலத்துக்கு அசையாத கயிறு, அந்த இரண்டு இழுப்புக்கு மட்டும் அவள் கையில் அசைந்தது.

"விட்டுடாதம்மா! அது நீரோட்டம்" என்றார் மதகுக்காரர்.

"மதகுதான் மூடியிருக்கே. அப்படியே இருந்தாலும், நீரோட்டத்துக்கு ரெண்டு வரைக்கும் எண்ணத் தெரியுமாண்ணே?"

மறுபடியும். ஒன்று. இரண்டு. கயிறு விடு.

அவள் விரல்கள் திறக்க மறுத்தன. விட்டால் அவர் போய்விடுவார். கட்டிலில் ஓரமாக நகர்ந்த தம்பி கண்முன் வந்தான். பனிக்குள் ஏதோ காத்துக்கொண்டிருந்தது. அவளை அவசரப்படுத்தவுமில்லை, விட்டுப் போகவுமில்லை. இத்தனை வருடம் விழுங்கிய வரி தொண்டைக்கு வந்தது. பல் கிட்டித்தது. ஆனாலும் அந்த வரியைச் சத்தமாக, கடைசி வார்த்தைவரை சொன்னாள். சொல்லிவிட்டுக் கையைத் திறந்தாள்.

"ஐயோ, பாவி!" என்றார் மதகுக்காரர்.

காலடியில் சுருண்டு கிடந்த கயிறு வளையம் வளையமாக அவிழ்ந்து, உள்ளங்கை வழியே நீருக்குள் போயிற்று. யாரோ அதை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போவதுபோல் ஒரே சீராகப் போயிற்று. பிறகு நின்றது. எவ்வளவு நேரம் நின்றதென்று அவளுக்குத் தெரியாது.

வெடுக், வெடுக், வெடுக். மூன்று.

இருவரும் தூக்கினார்கள். கரையேறிய கணவர் முகமூடியைக் கழற்றி, இருமி, மண்ணில் மல்லாந்து படுத்தார்.

"மரம் சரிஞ்சு கம்பியோட சேத்து அமுக்கிடுச்சு. கயிறு வேற சுத்திக்கிச்சு. நீங்க இழுக்க இழுக்க இறுகுது. காத்துக்குழாய் நசுங்க ஆரம்பிச்சிடுச்சு. நல்ல வேளை, விட்டே."

"நீங்கதானே ரெண்டு இழுத்தீங்க?" என்று கேட்டாள்.

"நானா? எங்க இழுக்கிறது? ரெண்டு கையும் கம்பிக்குள்ள மாட்டியிருந்துச்சுடி. நீ கயிறு விட்டப்புறந்தான் உருவ முடிஞ்சுது."

மதகுக்காரர் தொப்பியைக் கழற்றினார். எதற்குக் கழற்றினோம் என்று தெரியாதவர்போல் மறுபடி போட்டுக்கொண்டு, கம்ப்ரசரை நிறுத்தப் போனார். அவள் கணவரின் ஈரத் தலையை மடியில் வைத்து அழுதாள். நன்றியும் சொன்னாள். ஆனால் உள்ளங்கையில் அந்த இரண்டு இழுப்பின் கனம் அப்படியே இருந்தது. எடுத்துக்கொள்பவர் என்று அவள் பயந்தவர், இவ்வளவு பக்கத்தில் இருந்திருக்கிறார்.

அன்று சாப்பாட்டுக்கு முன் கணவர் ஜெபம் சொன்னார். அந்த வரி வந்தபோது அவளும் சேர்ந்து சொன்னாள். அவர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார்.

"என்ன?" என்றாள்.

"ஒண்ணுமில்ல."

"அப்ப கண்ண மூடுங்க."

அவர் மூடிக்கொண்டார். அவள் இருந்த பெஞ்சில் வேறு யாரும் இல்லை. ஆனாலும் அவள் கொஞ்சம் ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தாள்.