அடுப்படி விளக்கு

போர்வெல் வண்டியில் வேலை செய்பவர். வடக்கே போனால் ஊர் திரும்ப எட்டு மாதமாகும். நாமக்கல்லில் என் கம்ப்யூட்டர் கடைக்கு வந்தபோது நகக்கண்ணெல்லாம் கிரீஸ். பேசும்போதே போனை எடுத்து எடுத்துப் பார்த்தார். வீட்டு விளக்குகளைக் கவனிக்க ஒரு சர்வர் வேண்டுமாம். அதற்கு உள்ளங்கையளவு கம்ப்யூட்டர் போர்டு போதும் என்றேன்.

"பழைய லேப்டாப்பே போடுங்க. கரண்டு போனாலும் ஓடணும்."

"கேமரா?"

"வேண்டாங்க, அம்மாவுக்குக் கூச்சம். தனியா இருக்குது. காலையில அடுப்படி லைட்டைப் போட்டதும் எனக்கு மெசேஜ் வந்தாப் போதும்."

மறுவருடம் ஒரு காலை அவருக்கு மெசேஜ் வரவில்லை. அம்மா தூக்கத்திலேயே போயிருந்தார். காரியம் முடிந்து அவர் கடைக்கு வந்தார்.

"நாளைக்கு வண்டி ஏறுறேனுங்க. அந்த லைட்டு தெனமும் அஞ்சு மணிக்குத் தானா எரியற மாதிரி பண்ணி உடுங்க."

மெசேஜை நிறுத்திவிடவா என்று கேட்டேன்.

"அது வரட்டுங்க" என்றார்.