சுண்ணாம்பு பூசிய இன்ஜின்

பஸ்ஸை எடுத்த பிறகு தரையில் கிடக்கும் கறுப்பு எண்ணெய் வட்டம்தான் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறது. ஒரு தாம்பாளம் அகலம் இருக்கும். வேலூரில் லாங் பஜாரை ஒட்டி நாங்கள் பஸ் நிறுத்துகிற இடத்தில் கைவண்டிக்காரர்கள் அதைச் சுற்றிக்கொண்டுதான் போவார்கள். "ட்ரைவரே, உன் குதிர நின்ன எடத்துலயே ஒண்ணுக்குப் போயிருக்கு பாரு" என்பார்கள். எல்லாரும் சிரிக்கும்போது நானும் சிரித்து வைப்பேன். உள்ளே பற்றிக்கொண்டு எரியும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் பஸ் ஓட்டுவது லேசுப்பட்ட வேலை இல்லை. விரிஞ்சிபுரம், பள்ளிகொண்டா, குடியாத்தம் வழியாகப் பேரணாம்பட்டு போய்த் திரும்பினால், வழியெல்லாம் கும்பிடு விழும். காக்கிக் கோட்டைப் போட்டுக்கொண்டு நான் ஸ்டீயரிங்கைப் பிடித்தால் எனக்கே என்னைப் பார்க்க ஆசையாக இருக்கும். வண்டிதான் கிழம். இரண்டு பேர் ஓட்டித் தேய்த்துவிட்டு என் முதலாளி தலையில் கட்டியிருந்தார்கள்.

என் மனைவியின் தம்பி, என் மச்சான், பேரணாம்பட்டில் தோல் பதனிடுகிற ஒரு ஷாப்பில் வேலை பார்த்தான். பச்சைத் தோலின் மயிர் கழல்வதற்காக ஊறப்போடுகிற சுண்ணாம்புக் குழிதான் அவனுக்கு. இடுப்பளவு நின்று தோலைப் புரட்டிப் போடுகிறவனுக்கு எத்தனை முறை குளித்தாலும் அந்த வாடை போகாது. அக்காவைப் பார்க்க வேலூருக்கு வருகிறபோதெல்லாம் என் பஸ்ஸில்தான் வருவான். அவன் ஏறினதும் பக்கத்தில் இருப்பவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்து உட்காருவார்கள். நான் திரும்பியே பார்க்க மாட்டேன். வீட்டில் அவன் எனக்கு மச்சான். பஸ்ஸில் அவன் ஒரு டிக்கெட்டு. என் அப்பாவும் அதே மாதிரிக் குழியில் நின்றவர்தான். அந்த விஷயம் பஸ் நிற்கிற இடத்தில் ஒருவருக்கும் தெரியாதபடி பார்த்துக்கொண்டேன்; மச்சானும் அதைக் காட்டிக்கொடுக்க மாட்டான். இதை எழுத இப்போது கூசுகிறது. அப்போது கூசவே இல்லை, அதுதான் உண்மை.

ஒரு புதன்கிழமை பள்ளிகொண்டாவைத் தாண்டும்போது, ஒழுகிய எண்ணெய் சூடான புகைக்குழாயில் பட்டு வண்டிக்குள் புகை மண்டிவிட்டது. வண்டி பற்றிக்கொண்டது என்று நினைத்துப் பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு குதித்தார்கள். ஒருவருக்கும் காயமில்லை. ஆனால் புகார், வண்டிகளைச் சோதிக்கிற ஆபீசர் வரைக்கும் போய்விட்டது. மறுநாள் காலை முதலாளி என்னைக் கூப்பிட்டார். "சனிக்கிழம ஆபீசர் வர்றாரு. ஒரு சொட்டு கீழ உழுந்தாலும் வண்டிய ரோட்டுல உட மாட்டேன்னு சொல்லிட்டாரு. இந்தப் பேஜாரு இனிமே எனக்கு வேணாம். வண்டி நின்னுச்சுன்னா நீயும் நின்ன." கத்தாமல் சொன்னார். அதனால்தான் பயம் அதிகமாயிற்று.

ஒழுக்கை நிறுத்த நான் ஒன்றும் செய்யாமல் இருக்கவில்லை. இன்ஜினுக்கு அடியில் எண்ணெய் நிற்கிற தொட்டியின் பின்மூலையிலிருந்துதான் சொட்டும். அதனால் அந்தத் தொட்டியை மூன்று தடவை இறக்கி, இரண்டு இரும்புக்கும் நடுவில் வைக்கிற பேக்கிங்கை மூன்று தடவை மாற்றியிருந்தேன். எட்டின போல்ட்டை எல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கியிருந்தேன். அந்த வியாழக்கிழமையும் அப்படித்தான் முறுக்கிவிட்டுக் கிளம்பினேன். பேரணாம்பட்டில் போய் நிறுத்தி, எண்ணெய் அளவு பார்க்கிற கம்பியை உருவினால் நுனியில்கூட ஈரமில்லை. புதிதாக ஊற்றினாலும் வழியிலேயே ஒழுகிவிடும், இனி திரும்ப முடியாது. பயணிகளை வேறு பஸ்ஸில் ஏற்றிவிட்டு, மாமனார் வீட்டுக்குப் போய் மூலையில் உட்கார்ந்துவிட்டேன். மச்சான் வேலை விட்டு வந்து விஷயத்தைக் கேட்டான். "நாளைக்கி வெள்ளிக்கிழம, எங்க ஷாப்புக்கு லீவு. நானும் வந்து பாக்கறேன் மாமா" என்றான். நீ பார்த்து என்ன கிழிக்கப்போகிறாய் என்றுதான் நினைத்தேன். வேறு வழி இல்லாததால் சரி என்றேன்.

விடிந்ததும் ஒரு சாக்குப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். உள்ளே துணியில் சலித்த காய்ந்த சுண்ணாம்புப் பொடி. இன்ஜினை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைக்கச் சொன்னான். பிறகு பொடியை ஒரு துணியில் முடிந்து, மேலிருந்து கீழ்வரைக்கும் தட்டித் தட்டி இன்ஜின் முழுக்க வெள்ளையாக்கினான். "கல்யாணப் பொண்ணுக்குப் பவுடர் போட்டாச்சு. ஸ்டார்ட் பண்ணுங்க" என்றான். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. புது எண்ணெய் ஊற்றிக் கைப்பிடியைச் சுழற்றினேன். இன்ஜின் குலுங்கியது. ஆளுக்கொரு பக்கம் குந்தி உட்கார்ந்தோம்.

நான் தொட்டியின் பின்மூலையையே முறைத்துக்கொண்டிருந்தேன். அங்கே வெள்ளை கலையவே இல்லை. ஐந்து நிமிஷம் போயிருக்கும். "மாமா, இந்தாண்ட வாங்க" என்றான். ஓடினேன். இன்ஜினின் பக்கவாட்டில், மேலே, வால்வுகளை மூடியிருக்கிற தகட்டின் ஓரத்தில் முடி கனத்துக்கு ஒரு கறுப்புக் கோடு. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது வெள்ளையைக் கிழித்துக்கொண்டு கீழே இறங்கியது. தொட்டியின் விளிம்பைத் தொட்டது. விளிம்போடு பின்பக்கமாக ஊர்ந்து, நான் மூன்று முறை கழற்றின அதே மூலைக்கு வந்து, திரண்டு, சொட்டியது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஒரு மாதமாக என்னை ஏமாற்றிக்கொண்டிருந்த திருடன் பட்டப்பகலில் கண்ணெதிரே நடந்து போகிறான். "சொட்டற எடம் வேற, ஒழுவற எடம் வேற மாமா. எங்க குழி கசிஞ்சா நாங்க இப்டித்தான் பொடி தூவிக் கண்டுபுடிப்போம்" என்றான் மச்சான். நான் அவன் தோளைப் பிடித்துக் குலுக்கினேன். அவனை நானாகத் தொட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

மூடியைக் கழற்றித் தோல் தேய்க்கிற கல்பலகை மேல் வைத்தால் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு ஆடியது. நான் முறுக்கின முறுக்கில் தகடு வளைந்திருந்தது. மரச்சுத்தியால் தட்டித் தட்டிச் சமன் பண்ணினோம். பேக்கிங்குக்குக் கார்க் வேண்டும், அது மெட்ராஸிலிருந்து வர வேண்டும். "ஊர் முழுக்கத் தோல் கெடக்குது, கார்க் எதுக்கு?" என்றான் மச்சான். ஆவாரம்பட்டையில் பதப்படுத்தின ஆட்டுத்தோலில் நல்லதாக ஒரு துண்டு எடுத்துவந்து, எங்கும் ஒரே கனமாகச் சீவி, மூடியின் அச்சுக்கு வெட்டினான். அந்தத் தோலைத் தடவிப் பார்க்கும்போது அவன் முகத்தில் அப்படி ஒரு பெருமை. மாட்டி ஓட்டினோம். கால் மணி நேரம் ஒரு பொட்டு ஈரம் இல்லை. இன்ஜின் நன்றாகச் சூடேறியதும் நாலு பக்கமும் கொட்ட ஆரம்பித்தது.

திறந்து பார்த்தால், தோல் சுருங்கி அப்பளம் மாதிரி விறைத்துக் கிடந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மச்சானுக்கு என்னைவிட அதிகம். "பட்டைத் தோலு மாமா... சீமைக்கே போற சரக்கு" என்று அதையே திருப்பித் திருப்பிப் பார்த்தான். திடீரென்று எழுந்து நடந்தான். பக்கத்து ஷாப்பில் புதிதாகக் குரோம் மருந்துத் தண்ணீரில் தோல் பதப்படுத்த ஆரம்பித்திருந்தார்கள். வெளிறின நீலமாக இருக்கும். பட்டைத் தோல்காரர்களுக்கு அதைக் கண்டாலே இளக்காரம். "அது தோலா, சாயம் போன துணி" என்று மச்சானே சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவர்களிடமே போய் ஒரு துண்டு கேட்டு வாங்கிவந்தான். என்ன கேலி பேசினார்களோ, காது சிவந்திருந்தது.

வீட்டில் ஒரு சொம்புத் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, பட்டைத் தோலில் ஒரு கீற்று, நீலத் தோலில் ஒரு கீற்று, இரண்டையும் போட்டான். பட்டைத் தோல் போட்டதும் போடாததுமாகப் புழுவைப் போல் சுருண்டது. நீலம் போட்டபடியே கிடந்தது. நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். "இதக் கேலி பண்ணி ஜாஸ்தி ஆட்டம் போட்டோம் மாமா. இதுதான் தாங்குது" என்றான். அதை வெட்டி, விளக்கெண்ணெயில் ஊறவைத்து, மூடியை மாட்டி, இந்தத் தடவை போல்ட்டுகளை எதிரும் புதிருமாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினோம். மறுபடி சுண்ணாம்பு. மறுபடி ஸ்டார்ட். அரை மணி நேரம் ஓடியும் இன்ஜின் வெள்ளை வெளேரென்று இருந்தது. பேரணாம்பட்டுத் தெருவில் காக்கிக் கோட்டோடு நான் குதித்தேன் என்று பிற்பாடு சொன்னார்கள். குதித்திருப்பேன்.

சனிக்கிழமை விடிகாலையில் கிளம்பினோம். மச்சானும் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு, கிறிஸ்துமஸுக்கு எடுத்த வெள்ளை வேட்டியைக் கட்டிக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்தான். வழியில் நிறுத்தின இடத்திலெல்லாம் இறங்கி அடியில் குனிந்து பார்த்தேன். இன்றைக்கும் பஸ் நிலையத்தில் நின்றால் அப்படித்தான் குனிகிறேன். இப்போதைய வண்டிகளில் ரப்பர் வளையம் போடுகிறார்கள், அடியில் சொட்டுக்கூட இருப்பதில்லை. பேரன் என்னைப் பார்த்துச் சிரிக்கிறான். வேலூரில் அன்று ஆபீசர் சொன்ன வார்த்தை அவனுக்கு எப்படிப் புரியும்?

"மண்ணுல விழுந்தா தெரியாது. இன்ஜின் ஓடட்டும். கீழே ஒரு வெள்ளைத் துணி விரிங்க. பத்து நிமிஷம் பார்க்கிறேன்" என்றார் ஆபீசர். துணிக்கு எங்கே போவது? கைவண்டிக்காரர்களின் துண்டு எல்லாம் மண் நிறம். முதலாளி அங்குமிங்கும் பார்த்தார். பின்சீட்டிலிருந்து மச்சான் இறங்கி வந்தான். வேட்டியை அவிழ்த்து, இன்ஜினுக்கு அடியில் சுருக்கமில்லாமல் விரித்துவிட்டு, அரை டிராயரோடு ஓரமாக நின்றான். கூட்டம் சிரித்தது. பக்கத்தில் நின்ற இரண்டு பேர் மூக்கைப் பிடித்துக்கொண்டு விலகினார்கள். அவன் கண் வேட்டியை விட்டு நகரவில்லை. பத்து நிமிஷம் ஆயிற்று.

ஆபீசர் தானே குனிந்து வேட்டியை உருவி, வெளிச்சத்தில் பிடித்து இரண்டு பக்கமும் பார்த்தார். ஒரு புள்ளி இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார். முதலாளி என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். "ஷாபாஷ்! நம்ம இன்னொரு வண்டியும் ஒழுவுது, அதையும் நீயே பாத்துடு" என்றவர், அரை டிராயரோடு நின்றவனைக் காட்டி, "ஆமா, இவன் யாரு?" என்று கேட்டார்.

யாரோ ஒரு பயணி என்று சொல்லியிருக்கலாம். இரண்டு நாள் முன்பாக இருந்தால் சொல்லியிருப்பேன். "இவன் என் மச்சான், மொதலாளி. என் பொஞ்சாதியோட கூடப்பொறந்த தம்பி. பேர்ணாம்பட்டு ஷாப்புல சுண்ணாம்புக் குழில வேல செய்றான். எங்கப்பா செஞ்ச அதே வேல. வண்டிய சரி பண்ணது இவன்தான், நான் இல்ல" என்றேன். அந்தச் சின்ன இடத்துக்கு என் குரல் மிகவும் பெரிதாக இருந்தது. கைவண்டிகள்கூட நின்றுவிட்டன.

மச்சான் வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டே என் காதருகே வந்தான்.

"மெதுவா சொல்லுங்க மாமா. எல்லாருக்கும் கேட்டுடப் போவுது."