டிரைனேஜில் ஊற்றிய சிமெண்டு

ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் தெரு முனையில் எட்டு வருடமாக இஸ்திரி வண்டி போட்டிருக்கிறேன். எதிர் மனையில் நான்கு மாடி ஃபிளாட் கட்டினார்கள். கான்கிரீட் போடும் நாட்களில் வேலை முடிந்ததும் மிக்ஸர் லாரியை அங்கேயே கழுவுவார்கள். கழுவிய தண்ணீரை ரோட்டில் விட்டால் அசிங்கம் என்று டிரைனேஜ் மூடியைத் திறந்து அதற்குள் விட்டார்கள். சிமெண்டும் ஜல்லியும் கூழாக இறங்கின.

சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னேன்.

“சார், உள்ள போய் இறுகிடும். எங்க வூடும் இந்த லைன்லதான் கீது.”

“நீ இன்னா இன்ஜினியரா? போம்மா, போய்த் துணி தேய்.”

லாரிக்காரன் சிரித்தான். நான் வந்துவிட்டேன்.

கட்டடம் முடியும்போது அந்த மூடி மேலேயே வாசலுக்குப் பளபளவென்று கல் பதித்தார்கள். கொஞ்ச நாளில் லைன் முழுக்க அடைத்துக்கொண்டது. தாழ்வான வீடு எங்களுடையதுதான். விடிந்து பார்த்தால் பாத்ரூம் வழியாகச் சாக்கடை ஏறி, தேய்க்க வாங்கித் தரையில் வைத்திருந்த துணிமூட்டைகள் ஊறிக் கிடந்தன. எங்கள் தெரு டீச்சரம்மா சர்ச்சுக்குக் கட்டும் வெள்ளைப் புடவையும் அதில் இருந்தது. மூன்று தடவை துவைத்தேன். கறை போகவில்லை. “பரவால்லம்மா, விடு” என்றார். அதற்குப் பிறகு துணி போடவில்லை. இன்னும் நான்கு வீட்டுக்காரர்களும் துணி போடுவதை நிறுத்திவிட்டார்கள்.

மறுபடி சூப்பர்வைசரிடம் போனேன்.

“மூடியா? இங்க மூடியே கிடையாதே” என்றார்.

கல்லின் மேல் நின்றுகொண்டே சொன்னார். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

மாநகராட்சியில் எழுதிக் கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை ஓர் ஆள் வந்தார். பக்கத்து மூடியைத் திறந்து நீளக் கம்பியை விட்டுப் பார்த்தார்.

“நடுவுல முட்டுதுக்கா. அங்க ஒரு மூடி இருக்கணுமே, எங்க?”

“தெரியும்ணா. வெள்ளிக்கிழம வாங்க, காட்றேன்.”

“உன் வூட்லதான ஓடுது? நாளைக்கே தோண்டறேன்.”

“வெள்ளிக்கிழம. பத்து மணிக்கு.”

அவர் எதிர்க் கட்டடத்தைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை சாவி கொடுக்கிறார்கள் என்று பேனர் கட்டியிருந்தது.

“பலே ஆளுக்கா நீ” என்றார்.

மூன்று நாள் சாக்கடையைப் பக்கெட்டில் அள்ளினேன். என் வீட்டுக்காரர் திட்டினார்.

வெள்ளிக்கிழமை வாசலில் வாழைமரம், பட்டுப்புடவைகள், சாவி வாங்க வந்த கூட்டம். பத்து மணிக்கு மாநகராட்சி ஆள் இரண்டு பேரோடு வந்தார். நான் போய்க் கல்லின் மேல் காலை வைத்துக் காட்டினேன். சூப்பர்வைசர் ஓடி வந்தார்.

“அண்ணா, இன்னிக்கு வாணாம்ணா!”

“மூடியே கிடையாதுன்னியாமே சார். இல்லாத மூடிய எடுத்தா உனக்கின்னா பேஜாரு?” என்றார் மாநகராட்சி ஆள்.

கடப்பாரை இறங்கியது. கல் பிளந்தது. மூடி திறந்ததும் பட்டுப்புடவைகள் மூக்கைப் பொத்தின. இறுகிப்போன கான்கிரீட்டை உடைத்து உடைத்து வாழைமரத்தடியில் போட்டார்கள். வீடு வாங்கிய பெரியவர் ஒருவர், யார் செய்த வேலை இது என்று கேட்டார். சூப்பர்வைசர் என்னைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். லாரி கழுவினதை, மூடியை மறைத்ததை, நான் இரண்டு தடவை போய்ச் சொன்னதை. லைனைச் சரிசெய்யாமல் சாவி வேண்டாம் என்று அவர் காரில் ஏறிவிட்டார். மற்றவர்களும் கிளம்பினார்கள்.

சூப்பர்வைசர் வண்டிக்கிட்டே வந்தார்.

“ஏன்க்கா, இன்னிக்குப் பாத்தா செய்யணும்? என் வேலையே பூடும்க்கா.”

இஸ்திரிப் பெட்டியில் கரி போட்டுக்கொண்டிருந்தேன்.

அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டதாக அடுத்த வாரம் வாட்ச்மேன் சொன்னார். மனசு ஆறும் என்று நினைத்தேன். டீச்சரம்மா என் வண்டியைத் தாண்டித்தான் தினமும் பஸ்ஸுக்குப் போகிறார். இன்னும் துணி போடவில்லை. அந்த ஆளுக்கு வேலை போனது போதாது.