அத்தானின் ஹேண்ட் பிரேக்

காலை ஆறு இருபது. தென்காசியில் அக்கா வீட்டு மாடி அறையின் கதவைத் தள்ளியதும் முதலில் தெரிந்தவை அத்தானின் இரண்டு கட்டைவிரல்கள். உள்ளங்கையளவு கேம் கருவி ஒன்றின் மேல் அவை அசையாமல் இருந்தன. திரையில் தொப்பி போட்ட குட்டி மனிதன் ஒருவன் பள்ளத்தின் விளிம்பைத் தாண்டி, காலடியில் ஒன்றுமில்லாமல் அந்தரத்தில் நின்றான். அத்தான் ஒரு பொத்தானை அழுத்தினார். அவன் விழுந்து செத்தான். மறுபடி அழுத்தினார். மறுபடி அதே அந்தரம்.

கருவியை வாங்கிக் கொடுத்தவன் நான். பழைய டிவி கேம்களை ஆயிரக்கணக்கில் அடைத்து விற்கிற மலிவான சரக்கு. அத்தான் இருபது வருடம் கேரளாவுக்கு லாரி ஓட்டியவர். புளியறை மேட்டில் வண்டி பின்னால் உருண்டு கவிழ்ந்து, முதுகில் ஆபரேஷன் ஆனது. விசாரிக்க வருகிறவர்களின் முகத்தைப் பார்க்க முடியாமல் மாடி அறையைக் கேட்டார். நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய் வைத்தோம். மூன்றாம் மாதமே படி இறங்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அத்தான் முதல் படிவரை வந்து திரும்பிவிடுவார். அக்கா வற்புறுத்தியபோது, "இந்த ஆட்டத்த முடிச்சுட்டு எறங்குதேன்" என்றார். நான்கு மாதத்தில் கடைசிக் கட்டத்தை எட்டிவிட்டார். சாரல் தொடங்கியிருந்தது. ஐந்தருவிக்குப் போக அக்கா ஆட்டோவே பேசி வைத்துவிட்டாள்.

இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினால் ஆட்டம் அந்த நொடியிலேயே பதிவாகும். செத்தாலும் அங்கிருந்து தொடரலாம். நான் சொல்லிக் கொடுத்தபோது, "ஹேண்ட் பிரேக்னு சொல்லு" என்றார். வண்டி நழுவினால் யோசிக்காமல் கை போகிற இடம் அது. அதுவே வினையாயிற்று. கடைசிப் பள்ளத்தில், கடைசி உயிரோடு இருந்த அந்த மனிதன் கால் தவறியதும் பழக்கம் முந்திக்கொண்டது, அழுத்திவிட்டார். பழைய பதிவு அழிந்து புதியது நின்றது. இனி எப்போது திறந்தாலும் அவன் விழுந்துகொண்டுதான் இருப்பான்.

முதலிலிருந்து ஆடலாமே என்றேன்.

"முக்கால் மேடு ஏறுன வண்டியத் திரும்பக் கீழ கொண்டாந்து ஏத்தச் சொல்லுதியா மாப்ள?" என்று சிரித்தார்.

கீழே அடுக்களையில் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஏலே, நீ வெளையாண்டு அதே எடத்துல கொண்டுபோயி விட்டுரு. அவருக்கு என்ன தெரியப்போகுது?"

அதே கருவி இன்னொன்று வாங்கி, திருநெல்வேலி பஸ்ஸில் வேலைக்குப் போக வர ஆடினேன். மூன்று வாரத்தில் அந்தப் பள்ளத்துக்கு முன்னால் வந்து பதிவு செய்தேன். அத்தான் மாடியிலேயே குளிக்கப் போன நேரம் பார்த்து, பதிவு இருக்கும் மெமரி கார்டை மாற்றிப் போட்டேன்.

அவர் திறந்தார். அந்த மனிதன் தரையில் நின்றான். அத்தான் திரையின் மூலையில் மிச்ச உயிர்களைக் காட்டும் எண்ணைப் பார்த்தார்.

"எனக்கு உசுரு ஒண்ணுதான் மிச்சம். இதுல ஏழு இருக்கு. இது நான் ஓட்டிவந்த வண்டி இல்ல மாப்ள."

குரலில் கோபம் இல்லை. கார்டைக் கழற்றி என் சட்டைப்பையில் வைத்துவிட்டு, தன்னுடையதைக் கேட்டுக் கை நீட்டினார். பத்திரிகையில் பிழை திருத்திச் சம்பளம் வாங்குகிறவன் நான். அந்த ஒரு இலக்கத்தைப் பார்க்காமல் விட்டேன். நான் பார்த்திருந்தால் அத்தான் இறங்கியிருப்பாரா என்று அக்கா இன்றுவரை கேட்டதில்லை.

இரண்டு வருடமாகிறது. போன மாதம் பேட்டரி உப்பி, கருவி நின்றுவிட்டது. காலைச் சாப்பாட்டை அக்கா இப்போதும் மாடிக்குத்தான் எடுத்துப்போகிறாள்.