வீரக்குட்டி கேட்காத கேள்வி

கல்லடியில் வாவிக்கரையோரம் ஒரு தேங்காய்க் கம்பனி இருந்தது. காய்ந்த கொப்பறாவைச் சேர்த்து வைக்கும் அதன் கிட்டங்கியில் இருபத்தாறு வருஷம் நிறுவைக் கிளாக்கராக இருந்தவர் நாவற்குடா வீரக்குட்டி. தராசு முள் அசையாமல் நிற்கும்வரை அவர் பேனையைத் தொடமாட்டார். கொப்பறா கொண்டுவந்தவன் அவசரப்படுத்தினாலும் சரி, வாசலில் கம்பனித் துரையே நின்று தொண்டையைச் செருமினாலும் சரி, "முள்ளு நிக்கட்டும்" என்பார். அந்த நேர்மைக்காகவே வாவிக்கு மேற்கே படுவான்கரையிலிருந்தும் ஆட்கள் தோணியேறி அவருடைய தராசைத் தேடி வந்தார்கள்.

இப்பேர்ப்பட்ட நிதானக்காரருக்கு ஒரே ஒரு வீம்பு இருந்தது. அது கல்யாணத்தன்று பிடித்தது.

மட்டக்களப்பில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்குத்தான். ஆண்பிள்ளை கல்யாணம் முடித்தால் உடுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்சாதி வீட்டுக்குப் போகவேண்டியதுதான். வீரக்குட்டியும் ஒரு தகரப் பெட்டியோடு சீதேவிப்பிள்ளையின் வீட்டுக்கு வந்தார். அவளுக்கு வீட்டோடு படுவான்கரை வட்டையில், அந்தப் பரந்த வயல்வெளியில், வாய்க்காலோரமாக நல்லதொரு துண்டும் சீதனமாகக் கிடைத்திருந்தது. பந்தலில் இருந்த பெண்ணின் மாமன் ஒருவர் வெற்றிலையை மென்றபடி, "மாப்பிள்ள பொண்ணப் பாத்து வரல்ல, வயலப் பாத்துத்தான் வந்திருக்கார்" என்று பகிடி விட்டார். எல்லாரும் சிரித்தார்கள். வீரக்குட்டிக்கு மட்டும் முகம் கறுத்துவிட்டது.

"அந்த வயல்ல என்ன விளையுதெண்டு என்ட வாயால ஒருநாளும் கேக்கமாட்டன். இது சத்தியம்" என்று சபையில் சொல்லிவிட்டார்.

இருபத்திரண்டு வருஷம் கேட்கவில்லை. மாதம் முடிந்தால் சம்பளத்தை அப்படியே சீதேவிப்பிள்ளையின் கையில் கொடுப்பார். அதற்குப் பிறகு அதைப் பற்றியும் பேச்சில்லை. வயலை அவளே பார்த்தாள். தோணியில் போய்வந்து, ஆள் பிடித்து, வேலி கட்டி, எல்லாம் அவள்தான். நெல் மூடைகள் வாசல் கடப்படியில் இறங்கும்போது இவர் மாமரத்தில் எதையோ பார்த்துக்கொண்டு நிற்பார். மூடையை எண்ணிவிட்டாரென்று யாரும் சொல்லிவிடக் கூடாது பாருங்கள். ஆனால் கிட்டங்கியில் பகல் சோற்றை அவிழ்க்கும்போது மட்டும், "இது பெஞ்சாதிட வட்டை அரிசி" என்று ஒருதரம் சொல்லாமல் கை வைக்கமாட்டார்.

1933ஆம் ஆண்டு நடுப்பகுதியில் கொழும்பிலிருந்து வந்த நீளமான கடிதவுறைகள்தான் இந்த வாழ்க்கையைக் கலக்கின. வருமான வரி என்ற சங்கதி இலங்கைக்குப் புதிது. அது தோட்டத் துரைமாருக்கும் பெரிய முதலாளிமாருக்கும் வந்த தலையிடி என்றுதான் கிளாக்கர்மார் எண்ணியிருந்தார்கள். சம்பளக்காரர்களின் பெயர்களைத் துரை கொழும்புக்கு அனுப்பியது அவர்களுக்குத் தெரியாது. ஐந்து கிளாக்கர்மாருக்கும் ஆளுக்கொரு படிவம் வந்தது. உமக்கு என்ன வருமானம், என்ன வீடு, என்ன காணி, எல்லாம் எழுதிக் கையொப்பமிட்டு அனுப்பும் என்று கட்டளை.

ஐவரும் கூடியிருந்து யோசித்தார்கள். சம்பளம் எழுதுவதில் சிக்கல் இல்லை. வீடு என்ற இடத்தில் ஐவரும் ஒன்றுபோல "இல்லை" என்று எழுதினார்கள். காணி என்ற இடத்திலும் "இல்லை." தமிழர் மூவர், காத்தான்குடிச் சோனக முஸ்லிம்கள் இருவர், பெண்சாதி வீட்டில் இருக்கும் விஷயத்தில் ஒருவருக்கும் வித்தியாசம் கிடையாது. இல்லாததை இல்லை என்று எழுதினோம் என்ற திருப்தியோடு தபாலில் போட்டார்கள்.

மூன்று கிழமையில் பதில் வந்தது. துரை ஐவரையும் கூப்பிட்டு வரிசையாக நிறுத்தினார்.

"உங்கள் ஐந்து பேருக்கும் வீடே இல்லை என்று கொழும்பில் கவலைப்படுகிறார்கள். காலையில் நீங்கள் எங்கேயிருந்து வருகிறீர்கள்?" என்று கேட்டார்.

"பெண்சாதி வீட்டிலிருந்து, சேர்" என்றார் கிட்டங்கிக் காப்பாளர் கச்சி முகம்மது. ஐவரிலும் மூத்தவர் அவர்தான்; மற்றவர்களுக்கு அவர் காக்கா, அதாவது அண்ணன். துரைக்குச் சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

சிரிப்புக்குப் பிறகு வந்ததுதான் சிக்கல். சட்டப்படி பெண்சாதியின் வருமானமும் புருஷனின் வருமானமாகவே கொள்ளப்படுமாம். ஆகவே அவளுடைய வீடு, வயல், போன வருஷம் அதில் கிடைத்தது எல்லாவற்றையும் பதினான்கு நாளுக்குள் எழுதி அனுப்பவேண்டும். அடியில், "இவை யாவும் உண்மை" என்று கையெழுத்து. பொய் எழுதினாலும் தண்டம், எழுதாமல் விட்டாலும் தண்டம்.

மற்ற நால்வருக்கும் அது ஒரு வேலையாகவே இல்லை. கச்சி முகம்மது அன்றைக்கே மனைவி ஸைனம்புவிடம் கேட்டார். அவள் சிரித்துச் சிரித்துச் சொன்னாள்: ஒரு வீடு, ஒரு தறி, இரண்டு ஆடு. மறுநாள் அவருடைய படிவம் தயார்.

வீரக்குட்டியின் படிவம் மட்டும் மேசை லாச்சிக்குள் கிடந்தது.

"தம்பி, ஒரு மதிப்புக்கு எழுதிப்போட்டு அனுப்புங்க. கொழும்புக்காரன் வந்து உங்கட வயல்ல நெல்லு அளக்கவா போறான்?" என்றார் கச்சி முகம்மது.

"இல்ல காக்கா. முள்ளு நிக்காம நான் எழுதமாட்டன்."

"அப்ப பெஞ்சாதிட்டக் கேளுங்க."

"அது ஏலாது."

எழுதினால் பொய், கேட்டால் சத்தியம் போய்விடும். இரண்டில் ஒன்றை விட்டுத்தான் ஆகவேண்டும். இதுவரை ஒன்றையும் விட்டுப் பழகாத மனிதர் அவர்.

முதலில் குறுக்குவழி பார்த்தார். வயலில் வேலை செய்யும் யோகராசாவைத் தோணித்துறையில் கண்டு, பீடி வாங்கிக் கொடுத்து, பக்கத்தில் குந்தினார். "வயல்..." என்று தொடங்கியவர், அடுத்தவன் வாயால் கேட்பதும் கேட்பதுதானே என்று மனம் குத்த, "வயல் பக்கம் யானை வருதா?" என்று முடித்தார். யானை வரும் கதையை யோகராசா ஒரு மணித்தியாலம் சொன்னான்.

வீட்டிலும் அதே கூத்துத்தான். "சீதேவி" என்று கூப்பிடுவார். அவள் அகப்பையும் கையுமாக வந்து நிற்பாள். "ஒண்ணுமில்ல, கறிக்கு உப்புக் காணாது" என்பார். பத்து நாளில் அந்த வீட்டுக் கறி வாயில் வைக்க ஏலாத அளவுக்கு உப்பாகிவிட்டது. அதையும் பேசாமல் சாப்பிட்டார்.

பதின்மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அடுத்த நாள் தபால் ரயிலில் படிவம் போயாகவேண்டும். காலையில் சீதேவிப்பிள்ளை முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வீரக்குட்டி படிவத்தோடு வந்து எதிரே குந்தினார். வியர்த்துக் கொட்டியது.

"புள்ள, போன வருசம் உன்ட வயல்ல என்ன விளைஞ்சது?"

கேட்டேவிட்டார். வானம் இடிந்து விழுந்துவிடவில்லை, கூரை பெயர்ந்துவிடவில்லை. சீதேவிப்பிள்ளை மிளகாயைப் பரப்பிய கையை எடுக்காமல் அவரைப் பார்த்தாள்.

"இதக் கேக்கவா பத்து நாளா உப்பு உப்பெண்டு நிண்டீங்க? ஸைனம்பு சீல விக்க வந்த அண்டே எனக்குச் சொல்லிப்போட்டா. நீங்க எப்ப கேப்பீங்கண்டு பாத்துக்கொண்டுதான் இருந்தன்."

"சரி, சொல்லன்."

"ஒண்ணும் விளையல்ல. எல்லாத்தையும் வெள்ளம் கொண்டு போயிட்டு."

"அதுக்கு முதல் வருசம்?"

"அறக்கொட்டியான் அடிச்சது. பூச்சி மிச்சம் விட்டது வைக்கல்தான்."

வீரக்குட்டிக்கு விளங்கவில்லை. "நெல்லு மூடை வந்து இறங்கினதே. நான் கண்டனே."

"சந்தையில வாங்கின நெல்லு. தோணியில ஏத்திக் கொண்டுவரச் சொன்னதும் நான்தான். ரெண்டு வருசமா நாம தின்னுறது உங்கட சம்பளத்தத்தான்."

இரண்டு வருஷமாகக் கிட்டங்கியில் சோற்றைப் பிரித்து வைத்து அடித்த பெருமை எல்லாம் வீரக்குட்டிக்கு நினைவு வந்தது. காது சுட்டது. "ஏன் புள்ள என்னட்டச் சொல்லல்ல?"

"நீங்க ஒருநாளும் கேக்கல்லியே." அவள் மறுபடியும் மிளகாயைப் பரப்பினாள். "கேக்காத மனிசனிட்ட வலியப் போய் என்னத்தச் சொல்ற? நல்லா விளைஞ்ச வருசமும் இரிக்கி. அதையும் நீங்க கேக்கல்ல. சந்தோசம் வந்தாலும் தனிய, அழுக வந்தாலும் தனிய. வரம்புல நிண்டு அழுதுபோட்டு, முகத்தக் கழுவிக்கொண்டு தோணி ஏறுவன்."

வீரக்குட்டி வெட்கப்பட்டார். கல்யாணப் பந்தலில் அவமானப்பட்டது தான் ஒருவர்தான் என்று இவ்வளவு காலமும் எண்ணியிருந்தார். அந்தச் சத்தியத்தை இருபத்திரண்டு வருஷமாக வயலில் தனியே நின்று சுமந்தவள் இவள் என்பது அன்றைக்குத்தான் விளங்கியது. அவளோடு சேர்ந்து மிளகாயைப் பரப்பத் தொடங்கினார்.

"அந்தக் கையால கண்ணத் துடைக்காதீங்க" என்றாள் சீதேவிப்பிள்ளை. அவர் ஏற்கெனவே துடைத்துவிட்டிருந்தார். கண்ணைத் திறக்கமுடியாமல் கிணற்றடிக்கு ஓடியவரைப் பார்த்து அவள் வயிறு நோகச் சிரித்தாள்.

படிவத்தில் வயல் வருமானம் என்ற இடத்தில் மறுபடியும் "இல்லை" என்றே எழுதினார். எழுத்து முன்னதுபோலவேதான் இருந்தது. ஆனால் இந்த முறை முள் நின்ற பிறகு எழுதியது. ஐவரும் வரி கட்டத் தேவையில்லை என்று இரண்டு மாதத்தில் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. கச்சி முகம்மது காத்தான்குடியிலிருந்து ஒரு பெட்டி தொதல் இனிப்புக் கொண்டுவந்து எல்லாருக்கும் கொடுத்தார். வீரக்குட்டி தன் பகல் சோற்றை அவிழ்த்து, "இது சந்தை அரிசி" என்று சொல்லிச் சாப்பிட்டார்.

அதோடு கதை முடிந்தது என்றுதான் சீதேவிப்பிள்ளை நினைத்தாள். கேள்வி கொழும்புக்குத் தேவைப்பட்டது, கொழும்பும் பதிலை வாங்கிக்கொண்டுவிட்டது.

அந்த வருஷ மாரியில் ஒருநாள் பின்னேரம் அவள் வயலிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டு நின்றாள். வீரக்குட்டி கடப்படிக்கு வந்தார்.

"இந்த முறை வேளாண்மை எப்பிடிப் புள்ள?"

அவள் நிமிர்ந்தாள். "ஏன், திரும்பவும் கடதாசி வந்திருக்கா?"

"இல்ல. சும்மா கேட்டன்."

அவள் செம்பைக் கீழே வைத்தாள். பிறகு, "மழை காணாது. பாதித் துண்டு மஞ்சளடிச்சுக் கிடக்கு. எனக்குப் பயமாக் கிடக்கு" என்றாள்.

"எனக்கும் பயமாத்தான் கிடக்கு" என்றார் வீரக்குட்டி.

சீதேவிப்பிள்ளையின் முகம் மலர்ந்துவிட்டது. "நாளைக்கு விடியத் தோணி. ஒரு பழைய சாரன் உடுத்துக்கொண்டு வாங்க, வாய்க்கால் கரையெல்லாம் சேறு" என்று சொல்லிவிட்டு அடுப்பு மூட்டப் போனாள்.