ஒரே பஸ்ஸில் வந்தவர்கள்

பாக்கியம் அக்கா ஆஸ்பத்திரியில் இறந்துபோனார் என்ற செய்தி, மலேசியாவின் கமுந்திங்கிலுள்ள தொழிற்சாலையில் நான் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது வந்தது. பக்கத்தில் நின்ற மேற்பார்வையாளர், "பாவம், கோர்ட்டு கேஸுன்னு அலைஞ்சே வீணாப்போன பொம்பள" என்றார். அந்த வாயை மூடத்தான் இதை எழுதுகிறேன். அக்காவோடு வேலை செய்த உங்களுக்கு நடந்தது தெரியும். தெரியாதவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.

அக்கா எங்கள் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் பதினான்கு வருடம் இருந்தார். அவர் வேலை கற்றுக்கொடுத்த மூன்று பேர் லைன் லீடர் ஆனார்கள். ஆனால் தமிழ்ப் பெண்கள் யாருக்கும் அந்தப் பதவி வந்ததில்லை. ஏன் என்று கேட்டுப் புகார் எழுதிக் கொடுத்தார். அடுத்த மாதமே, தாமதமாக வந்ததாக எச்சரிக்கைக் கடிதம். நான்காவது கடிதத்தோடு வேலை போயிற்று.

அக்கா வீட்டு நாள்காட்டியில் தாள் கிழிக்க மாட்டார். ராகு காலத்துக்குக் கீழே, அன்றைக்கு வேலைக்குப் போய்ச்சேர்ந்த நேரத்தை எழுதித் தாளை மேலே மடித்துவிடுவார். வேலை நீக்கத்தை எதிர்த்த வழக்கு ஈப்போ தொழிலியல் நீதிமன்றத்துக்குப் போனபோது, நான் பெரிய புத்திசாலி என்று எனக்கு நினைப்பு. "லேட்டா போன நாளெல்லாம் கிழிச்சிப் போட்டிருங்கக்கா" என்றேன்.

"நாலு தாளக் கிழிச்சா மிச்சத்த யாரு நம்புவா? பஸ்ஸே லேட்டு லா!" என்று சிரித்தார்.

கம்பெனி வக்கீல் அந்தத் தாள்களையே பிடித்துக்கொண்டார். தாமதத்தை நீங்களே ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்டார்.

"ஆமாங்க. கம்பெனி பஸ்ஸு லேட்டு, அதுல வந்த எல்லாரும் லேட்டு. கடுதாசி எனக்கு மட்டும் ஏன் வந்துச்சு? புகார் குடுக்குறதுக்கு முன்னாடியும் பஸ்ஸு லேட்டாத்தான் வந்துச்சு. அப்ப ஏன் வரல?"

கம்பெனியின் வருகைப் பதிவும் அக்காவின் தாள்களும் நிமிடம் பிசகாமல் ஒத்துப்போயின.

அதே பஸ்ஸில் வந்தவள் என்று சாட்சி சொல்ல நான் ஒருத்திதான் போனேன். பயந்துகொண்டுதான் போனேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். மறுவாரமே என்னை லைனிலிருந்து பெட்டி கட்டும் இடத்துக்குத் தள்ளினார்கள். அக்காவிடம் சொன்னேன். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "தேதிய எழுதி வச்சிக்க" என்றார். நியாயமில்லாத பணிநீக்கம் என்று பிறகு தீர்ப்பு வந்தது. வீணாய்ப் போனது யார்?

நேற்று லைனில் இன்னொரு பெண்ணுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அவள் புகார் கொடுத்துப் பதினோரு நாள்தான் ஆகிறது. சாட்சிக்கு யாராவது வருவார்களா என்று மெதுவாகக் கேட்டாள். அக்கா, பயந்துகொண்டே எழுந்து நிற்கிற பழக்கம்தான் உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது. என் முழுப்பெயரையும் அடையாள அட்டை எண்ணையும், மேற்பார்வையாளர் பார்த்துக்கொண்டிருக்கவே, அவளுக்கு எழுதிக் கொடுத்தேன்.